வல்லூறுக்கு என் பெயர் வந்த கதை

கோழிக்குஞ்சு வியாபாரத்தில் சரக்கு தரையில் ஓடும், நஷ்டம் மேலேயிருந்து வரும். உயிருள்ள சரக்கை விற்றுவிட்டு, மறுவாரம் அதே தெருவில் போய்த் திட்டு வாங்கியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்களில் மொபெட்டில் கூடையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக நாட்டுக்கோழிக் குஞ்சு விற்றேன்.

சர்வேயர்

ஓடைப்பட்டியில் ஒரு திராட்சைத் தோட்டக்காரர் குஞ்சு கேட்டார். கூடையை இறக்கித் திறந்தேன். பந்தலுக்கு அப்பால், செம்பழுப்பு நிறத்தில் ஒரு சின்னப் பறவை சிறகடித்துக்கொண்டு வானத்தில் ஒரே இடத்தில் நின்றது. குஞ்சு தூக்கத்தான் வந்திருக்கிறது என்று நினைத்தேன். கூடையை மறுபடி மூடினேன்.

அவர் சிரித்தார். நிலத்துக்கு மேலே நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போவதால் அதற்கு இங்கே சர்வேயர் என்று பெயராம். அது பிடிப்பது எலி, வெட்டுக்கிளியோடு சரி. "சர்வேயரு நின்னு அளப்பாரு, அம்புட்டுத்தேன். புடுங்குறதுக்கு வேற ஆளு வருவாக."

ரோஸ் குஞ்சு

அந்த வேற ஆள் கடமலைக்குண்டில் இருந்தது. என் பழைய வாடிக்கை பேச்சியம்மாள் தெருவில், புளியமரத்தில் ஒரு ஜோடி வல்லூறு கூடு கட்டியிருந்தது. புறா அளவுதான், ஆனால் இறங்குவதும் தெரியாது, குஞ்சோடு ஏறுவதும் தெரியாது. வயதானவர்கள் வைரி என்பார்கள். எதிரி என்றே பெயர் வைத்தவர்கள் நிச்சயம் கோழி வளர்த்தவர்கள்தான்.

சாயம் பூசிய குஞ்சை அதற்கு அடையாளம் தெரியாது என்பது தெருவின் நம்பிக்கை. பேச்சியம்மாள் கேட்டபடி ரோஸ் பூசிக் கொடுத்தேன். அடுத்த வாரம் ஒன்றுகூட மிச்சமில்லை என்று பேச்சியம்மாள் பிடித்துக்கொண்டார். "வெறுங்குஞ்சுன்னா அது தேடிப் புடிக்கணும். நீங்க சாயம் பூசி வெளிச்சம் போட்டுக் காட்டிட்டீக."

யாவாரி

அதன் பிறகு என் ஹாரன் சத்தம் கேட்டதும் தெருவே கோழிகளை வீட்டுக்குள் விரட்டிக் கதவைச் சாத்தியது. நான் வந்தால் புதுக்குஞ்சு வரும் என்று அந்த வல்லூறு தெரிந்துகொண்டிருந்தது. ஹாரன் கேட்டதும் தாழ்ந்த கிளையில் வந்து உட்காருமாம். இனி என்னிடம் வாங்குவதில்லை என்று பெண்கள் பேசி முடித்துவிட்டார்கள். அந்தத் தெரு போனால் ஊரே போய்விடும். அவமானமாக இருந்தது. பேச்சியம்மாள்தான் விஷயத்தைச் சொன்னார். "முந்தியெல்லாம் யாவாரின்னா நீங்கதேன். இப்ப அங்கன மரத்துல இருக்காகல்ல, அவுகளத்தேன் சொல்றோம்."

பஞ்சாரம்

ஒரு பறவையிடம் தோற்று ஊரை விடுவதில்லை என்று முடிவு செய்தேன். ஹாரனை நிறுத்தினேன். வண்டியைத் தெருமுனைக்கு முன்பே விட்டுவிட்டு, கூடையைத் துணியால் மூடி நடந்தே போனேன். குஞ்சுகள் மேல் கவிழ்த்து மூட மூங்கில் பஞ்சாரம் இல்லாத வீட்டுக்கு, கெஞ்சினாலும் குஞ்சு கிடையாது. பெண் கொடுப்பதுபோல் வீடு பார்க்கிறான் என்று ஏசினார்கள். ஏசட்டும் என்று வாரம் தவறாமல் போனேன்.

முதலில் பஞ்சாரம் வாங்கியது பேச்சியம்மாள். வல்லூறு தூக்க முடியாத அளவுக்கு வளரும்வரை குஞ்சுகளை அதற்குள்ளேயே வைத்திருந்தார். பிறகு தெருவே வாங்கியது. கோழிகள் வளர்ந்தன, முட்டையிட்டன. ஒரு நாள் பெருமையோடு கூடையைத் திறந்தால் வாங்க ஆளில்லை. பேச்சியம்மாள் காப்பியை நீட்டினார். "எங்க கோழிக அதுகளே அடை உக்காந்து குஞ்சு பொரிச்சிருச்சு. ரெண்டு யாவாரிக்கும் இந்தத் தெருவுல இனிமே சோலியில்ல."

காப்பியைக் குடித்துவிட்டு வண்டியை வருசநாட்டுப் பக்கம் திருப்பினேன், அங்கே பஞ்சாரத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை என்ற உறுதியோடு.