ஐந்து என்று இரண்டு தரம்

போன வாரம் புது மடிக்கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டேன். முதல் தடவையிலேயே பாட்டுப் பாடியது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். எனக்கென்னவோ கொஞ்சம் அவமானமாக இருந்தது.

அதற்கு வாசமும் இல்லை. தலவாக்கலையில் நான் வேலை பார்த்த கணினி நிலையத்தில் பெட்டியைத் திறந்தால் பூஞ்சண வாடையும் சூடான தூசி வாடையும் சேர்ந்து வரும். மலைப்பனி எதற்குள்ளும் புகுந்துவிடும். தேவாலயத்துக்குப் பின்னால் ஓர் அறை. கொழும்பு அலுவலகங்கள் கழித்துவிட்ட நான்கு கணினிகள். எனக்கு இருபத்து மூன்று வயது. தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து கணினி படித்தவன் என்ற கர்வம் மட்டும் நாற்பது வயதுக்கு உண்டு.

அங்கேதான் ராஜேஸ்வரி டீச்சர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆங்கிலம் படிப்பித்தவர். பார்வை மங்கி மங்கி, அப்போது வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது. வகுப்பைப் பேசியே சமாளித்தார். பரீட்சைத் தாளில்தான் மாட்டிக்கொண்டார். அடுத்த தவணைப் பரீட்சைக்கான வினாத்தாளைத் தானே தயாரிக்க முடியாவிட்டால் ஓய்வில் போகச் சொல்லிவிட்டார்கள்.

"ஆரிட்டையும் குடுத்து எழுதுவிக்க எனக்கு விருப்பமில்லை, தம்பி. உந்தப் பெட்டி வாசிச்சுக் காட்டுமெண்டு சொல்லினம். உண்மையோ?"

"வாசிக்குங்க டீச்சர். ரெண்டே நாள்ல செஞ்சி தாறேன்."

இரண்டு நாள் மூன்று வாரமாகியது. பழைய ஒலி அட்டையை லினக்ஸ் கண்டுகொள்ளவே இல்லை. அதன் அடிப்படையான கெர்னலை, அந்த அட்டைக்கும் இடம்வைத்து, நானே மறுபடி தொகுக்க வேண்டியிருந்தது. காலையில் ஆரம்பித்தால் பின்னேரம்வரை திரையில் எழுத்து ஓடும். நடுவில் மழைக்குக் கரண்டு போகும். ஒருமுறை, வேண்டாததையெல்லாம் நீக்குகிறேன் பேர்வழி என்று வன்தட்டை வாசிக்கும் பகுதியையே நீக்கிவிட்டேன். கணினி எழும்பவே இல்லை. யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன்.

கடைசியில் சத்தம் வந்தது. 'வெல்கம்' என்று சொல்லவைத்தேன். "வெல் வெல் வெல் வெல்" என்று அதிலேயே நின்றது. எதை மாற்றினாலும் அதே வெல். தாளைக் கொடுக்க நான்கு நாள்தான் இருந்தது. டீச்சர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"முடியலைங்க டீச்சர்," என்றேன். அழுகை வந்துவிடும்போல் இருந்தது.

"திரையிலை என்ன கிடக்கு? வாசியும்."

"அதெல்லாம் ஒங்களுக்கு வெளங்காதுங்க."

"விளங்கிறது என்ரை பாடு. நீர் வாசியும்."

கணினி எழும்பும்போது ஓடும் வரிகளை ஒவ்வொன்றாக உரக்க வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் கையை உயர்த்தினார்.

"நில்லும். ஐஞ்செண்டு முதலும் ஒருக்கா வாசிச்சனீர்."

திரையில் மேலே போய்ப் பார்த்தேன். ஒவ்வோர் அட்டைக்கும் கணினியைக் கூப்பிட ஒரு தனி இலக்கம் வேண்டும். நெட்வேர்க் அட்டைக்கும் ஐந்து, ஒலி அட்டைக்கும் ஐந்து. மூன்று வாரமாக என் கண் மேய்ந்துபோன வரி.

ஒலி அட்டையில் இருந்த ஜம்பர் என்னும் சின்னக் கொண்டியைப் பிடுங்கி, பத்தாம் இலக்கத்தில் குத்தினேன். அட்டையை இயக்கும் டிரைவர் மென்பொருளிலும் பத்து என்று மாற்றினேன்.

"வெல்கம்."

தடிமன் பிடித்து மூக்கடைத்த குரல். டீச்சர் விசைப்பலகையைத் தடவித் தன் பெயரை அடித்தார். அது அந்தப் பெயரைக் கொலைசெய்து வாசித்தது.

"என்ரை பேர் சொல்லத் தெரியேல்லை. பரவாயில்லை, பழக்குவம்," என்றவர் அப்போதுதான் கண்ணைத் துடைத்தார்.

தாள் நாளுக்கு முன்பே போய்ச் சேர்ந்தது. பென்சன் வரும்வரை படிப்பித்துவிட்டுத்தான் யாழ்ப்பாணம் போனார். எங்கள் நிலையம் இப்போது கைபேசிக் கடை. அட்டைகளில் ஜம்பர் இல்லை. ஓடும் வரிகளையும் ஒரு படம் மறைத்துவிடுகிறது.

சில வருடங்களுக்கு முன் டீச்சர் தொலைபேசியில் பேசினார். "புதுசு மனிசர் மாதிரிக் கதைக்குது, தம்பி. எனக்கு அந்த மூக்கடைப்பன்தான் வேணும்."

முயன்று பார்த்தேன். புதிய கணினியில் அந்தக் குரலை எழுப்ப என்னால் முடியவில்லை. அடுத்த முறை அவர் பேசியபோது மூக்கைப் பிடித்துக்கொண்டு, அது சொல்வதுபோலவே அவர் பெயரைச் சொல்லிக் காட்டினேன். இருமல் வரும்வரை சிரித்தார்.

அவர் காலமாகி இரண்டு வருடமாகிறது. அந்தக் குரல் இப்போது என் மூக்கில் மட்டும்தான் இருக்கிறது.