பேச்சு நின்றால் இழு

ஒக்டோபர் 14, செவ்வாய். ஐந்து பத்துக்கு எழுந்தேன். தேநீர், பத்திரிகை, ஆறே முக்காலுக்குப் பதுளை பஸ். வேலை முடிந்து வீடு வரும்போது ஐந்தரை. நனைந்த குடையை வாசலிலேயே விரித்து வைத்தேன். மகள் தொலைபேசியில் ஒரு படம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு பெரிய நகரம். வானமெங்கும் வேற்றுக்கிரகத்தாரின் கப்பல்கள். தப்பிய நான்கு பேர் வீதிக்கு அடியிலுள்ள கழிவுநீர்ச் சுரங்கத்தில் ஓடுகிறார்கள். நிமிர்ந்து ஓடுகிறார்கள். கையில் தீப்பந்தம் வேறு.

“இவங்களுக்கு மூச்சு முட்டாதா?” என்று கேட்டேன்.

“அப்பா, இது படம்ப்பா.”

அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். அப்படி ஒரு சுரங்கத்தை நானும் ஒரு காலத்தில் கட்டியிருக்கிறேன், காகிதத்தில்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து இறங்கி வந்து, பதுளை பஜாரில் ஓர் இரும்புக்கடையில் வேலைக்கு நின்றேன். நண்பர்கள் நால்வர் சேர்ந்து மாதமொரு கையெழுத்துச் சஞ்சிகை நடத்தினோம். ஒரே பிரதிதான். சலூனில் காத்திருப்பவர்கள் உட்காரும் வாங்கில் கிடக்கும். முடி வெட்ட வந்தவர்கள் வாசிப்பார்கள்; வெட்ட முடியே இல்லாதவர்களும் வந்து வாசிப்பார்கள். அதில் என் தொடர்கதை வந்தது. வேற்றுக்கிரகத்தார் பதுளையைப் பிடித்துவிட, தப்பிய மூவர் பஜாருக்கு அடியில் சுரங்கத்தில் ஒளிந்து வாழ்வதுதான் கதை. பதுளையில் அப்படியொரு சுரங்கம் கிடையாது. தோட்டத்து லயத்தில் ஒற்றை அறைக் காம்பராவில் வளர்ந்த நான் எந்தச் சுரங்கத்தைக் கண்டேன்? ஆனாலும் வரைபடம் போட்டேன். உயரம் ஏழடி, அகலம் ஆறடி, இருபதடிக்கு ஒரு விளக்கு. பொய் சொன்னாலும் அடிக்கோல் வைத்துத்தான் சொல்வேன்.

கடைசிப் பக்கத்தில் வாசகர் கருத்துக்கு இடம் விட்டிருப்போம். ஒரு மாதம் அதில் பென்சிலால் எழுதியிருந்தது: “ஒன் ஹீரோவுக்கு மூக்கே இல்லியா? இப்படிக்கு அந்தோணி, கான் வேல.”

அந்தோணிக்கும் என் வயதுதான். கலியாணமாகி ஆறு மாதம். பஜார் வீதிக்கு அடியில் மூடிக்கிடக்கும் வடிகான்களில் இறங்கி அடைப்பெடுப்பது அவன் தொழில். விளக்கம் கேட்கத்தான் அவனைத் தேடிப் போனேன். கோபமே இல்லை என்று சொல்ல முடியாது.

“ஏழடியா? வா மச்சான், உள்ள வந்து நிமிந்து நில்லு பாப்போம். மண்ட பொளந்துரும்” என்று சிரித்தான். “இதுல தீக்குச்சி வேற ஒரசுறான் ஒன் ஆளு. கான் காத்து பத்திக்கும், அதோட ‘முற்றும்’ போட்டுற வேண்டியதுதான்.”

“அப்ப காட்டு. பாத்துட்டு எழுதுறேன்.”

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை பிற்பகல், கொப்பியும் பேனாவுமாகத் திறந்த கான் வாயருகே நின்றேன். அழுகிய கோவா இலைகளும் மீன் கழுவிய தண்ணீரும் கலந்த நாற்றத்தில், மேலே நின்ற எனக்கே கண் எரிந்தது. மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் அடைப்பை எடுத்தாக வேண்டும். அந்தோணி நெஞ்சைச் சுற்றிக் கயிற்றைக் கட்டிக்கொண்டு தவழ்ந்து உள்ளே போனான். மறுமுனை அவனோடு வேலை செய்யும் முனியாண்டி அண்ணன் கையில்.

அவர்களுக்கு ஒரு முறை இருந்தது. உள்ளே போனவன் பேச்சை நிறுத்தக் கூடாது. பாடலாம், யாரையாவது ஏசலாம். குரல் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே தேங்கிய கெட்ட காற்று சொல்லிக்கொண்டு வராது. குரல் நின்றால் மேலே நிற்பவன் இழுக்க வேண்டும்.

அந்தோணி என் கதையைத்தான் பேசினான். “ஹீரோவுக்கு ஒரு பொண்டாட்டியக் குடு மச்சான்! வேல முடிஞ்சி போனா, பீலியில விழுற தண்ணியப் புடிச்சி பத்து வாளி ஊத்துனாத்தான் வீட்டுக்குள்ள விடுவா. அத எழுது!”

எழுதினேன்.

“அண்ணே, கல்லு ஒன்னு இறுகி நிக்குது. அலவாங்கு வேணும்” என்றான் பிறகு. அந்த நெம்புகம்பியை வண்டியிலிருந்து எடுத்துவரப் போகும்போது முனியாண்டி அண்ணன் கயிற்றை என்னிடம் தந்தார். “தம்பி, பேச்சு நின்னா இழு. வேற ஒன்னும் யோசிக்காத.”

அந்தோணி பேசிக்கொண்டிருந்தான். “மேல எத்தன பேரு மச்சான் தேடுறானுங்க? பத்தா, இருபதா…”

குரல் நின்றது.

போன மாத அத்தியாயம் இப்படித்தான் முடிந்திருந்தது. மேலே எதிரிகளின் காலடி. கீழே கதாநாயகன் சத்தம் காட்டாமல் கிடக்கிறான். அந்தோணி அதை நடித்துக்காட்டுகிறான் என்று நினைத்தேன். சிரித்தேன். கயிற்றைக் காலால் மிதித்துக்கொண்டு, கொப்பியில் ஒரு வசனம்கூட எழுதினேன். மழைத்துளி விழுந்து மை பரவியது. சட்டைக் கையால் ஒற்றியெடுத்தேன்.

“போதும்டா நடிப்பு” என்றேன்.

பதில் இல்லை. முனியாண்டி அண்ணன் ஓடிவருவது கேட்டது.

“என்ன, சத்தத்தக் காணோம்?”

“இப்பத்தான் அண்ணே நின்னுச்சு.”

அலவாங்கைப் போட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்தார். நானும் இழுத்தேன். ஓரடி வந்து சிக்கியது. மேட்டிலிருந்து மழைத்தண்ணீர் கானுக்குள் இறங்கத் தொடங்கியிருந்தது. சலூன்காரர் கத்தரிக்கோலோடு ஓடிவந்தார், மரக்கறிக்காரர் ஒருவர் வந்தார். நால்வராக இழுத்தோம். முதலில் கால்கள் வந்தன. முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. முனியாண்டி அண்ணன் அவனைக் கவிழ்த்து முதுகில் அறைந்தார். “மூச்சு விடுடா! டேய், மூச்சு விடு!” எல்லாவற்றுக்கும் நேரம் குறிக்கும் நான், அது எவ்வளவு நேரம் என்று குறிக்கவில்லை. கடைசியில் இருமினான். கறுப்புத் தண்ணீராக வாந்தியெடுத்தான். மரக்கறி ஏற்றும் வான் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அந்தத் தொடரின் அடுத்த பாகத்தை நான் எழுதவில்லை. சஞ்சிகையும் அந்த மாதத்தோடு நின்றது. சலூன் இருந்த இடத்தில் இப்போது தொலைபேசிக் கடை. அந்தோணி குடியிருந்த லய வரிசையை இடித்து வாகனம் நிறுத்த இடம் போட்டிருக்கிறார்கள். முனியாண்டி அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தோணி பிள்ளைகளோடு வவுனியாப் பக்கம் போனதாகக் கேள்வி. அதற்குப் பிறகு சேதி இல்லை. அன்றைய நாட்குறிப்பு மட்டும் என்னிடம் இருக்கிறது: “பலத்த மழை. கானில் விபத்து. உடனே இழுத்துக் காப்பாற்றினோம்.”

விபத்துக்கு மறுநாள் ஞாயிறு. விடிந்ததும் முதல் வேலையாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தோணி சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு முக்காலியில் அவன் மனைவி.

“பேச்சு நின்ன ஒடனே இழுத்தியாமே மச்சான்” என்றான், கம்மிய குரலில்.

“ஆமா” என்றேன்.

அவன் மனைவி எழுந்து, முக்காலியை என் பக்கம் நகர்த்தி, “உக்காருங்கண்ணே” என்றாள். நான் உட்கார்ந்தேன்.