கேட்டுக்கு வெளியே ஒரு விளக்கு

எங்கள் அம்மா கஹவத்தைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டுபவள். பெண்கள் ஒதுக்கீட்டில் பிரதேச சபைக்குப் போனதும், நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயமே அவளை மெம்பரம்மா என்றது. அப்பா சோற்றுக்கு உட்காரும்போதெல்லாம், "மெம்பரம்மா, கொழம்பு பாஸாயிருச்சுங்களா?" என்று கேட்பார்.

அக்காவுக்கு அந்த வருஷம் ஓ.எல். பரீட்சை. டவுனில் டியூஷன் முடித்து பஸ்ஸில் வந்து இறங்கினால், தோட்டத்து கேட்டிலிருந்து லயம் வரை கும்மிருட்டு. அப்பாவுக்கோ லயத்துக்கு மேலே இருக்கும் பேக்டரியில் இரவு வேலை. பாதைக்கு வெளிச்சம் வராவிட்டால் டியூஷனுக்கு அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார். அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா சபையில் முதன்முதலாக வாயைத் திறந்தது அதற்காகத்தான்.

அன்று பள்ளி விடுமுறை. அப்பா தூங்க வேண்டுமே என்று என்னையும் சபைக்குக் கூட்டிப் போயிருந்தாள். சந்தைக் கடைகளுக்குக் கூரை, தெருவில் திரியும் கட்டாக்காலி நாய்கள், மைதானத்துப் புல் என்று ஒவ்வொன்றாகத் தீர்மானங்கள் மளமளவென்று நிறைவேறின. அம்மா எழுந்து, சந்தையில் கற்ற சிங்களத்தில், தோட்டப் பாதை நெடுக விளக்கு வேண்டும் என்றாள். சபைத் தலைவரான தவிசாளர் நல்ல மனிதர். கேட்டுக்கு உள்ளே இருப்பது கம்பெனிப் பாதை, அங்கே சபை ஒரு பல்பும் போட முடியாது என்று பொறுமையாக விளக்கினார். வெளியே நிற்கும் கம்பத்தில் வேண்டுமானால் ஒன்று போடலாமாம். எல்லோரும் கை தூக்கினார்கள். அம்மாவும் தூக்கினாள்.

விளக்குப் போட ஆள் வந்த அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. பெரிய ரோட்டைப் பார்த்து மாட்டியதைத் தோட்டத்துப் பக்கம் திருப்பச் சொன்னாள். ஏணியில் நின்றவர் தயங்கினார்.

"கம்பந்தானே தம்பி வெளிய நிக்கணும்? வெளிச்சம் எங்க போனா யாரு கேக்கப் போறா?" என்று அவருக்குச் சிங்களத்தில் சொன்னாள். அவரும் சிரித்துக்கொண்டே திருப்பிவிட்டார்.

ரோட்டுக்கு முதுகு காட்டி நின்ற விளக்கைப் பார்த்து பஸ்ஸில் போனவர்கள் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. தப்பாக மாட்டியிருக்கிறது என்று அம்மாவிடம் முறையிட்டேன். "அது பாக்க வேண்டிய எடத்ததான் பாக்குது. நீ போய்ப் படி" என்றாள்.

வெளிச்சம் வந்துவிட்டதென்று அப்பாவும் டியூஷனுக்குச் சரி சொன்னார். அக்காவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! ஆனால் அந்த வெளிச்சம் முதல் வளைவோடு சரி. அதற்கப்பால் லயம் வரை பழைய இருட்டுதான். அதை அம்மா அப்பாவிடம் சொல்லவேயில்லை.

அப்பா வேலைக்குக் கிளம்பியதும் அவள் உலையை இறக்கி வைத்துவிட்டு அந்த வளைவில் போய் நிற்பாள். மழை பெய்தாலும் நிற்பாள். அக்காவோடுதான் திரும்பி வருவாள். எதற்கம்மா என்று கேட்டால், "சும்மா காத்து வாங்கத்தான்" என்பாள். விடியுமுன் எழுந்து மரம் மரமாகப் பால் வெட்டி ஏறி இறங்கும் மலையில் இல்லாத காற்றா என்று எனக்கு ஆச்சரியம்.

அக்காவின் பரீட்சை முடிந்ததும் அம்மா காற்று வாங்கப் போவதை நிறுத்திவிட்டாள். அவளுக்குச் சலித்துப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.