துறை கடக்க ஐந்து சொற்கள்

வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பாடசாலை ஒன்றில் நான் கணக்குப் படிப்பித்த காலம். வீடு இந்தப் பக்கம், தன்னாமுனையில். யுத்த நாட்கள் அவை. போக ஒரு தடவை, வர ஒரு தடவை ஆமிச் சென்ட்ரியில் சோதனைக்கு நிற்கவேண்டும். பிறகு துறையில் படகுக்குக் காத்திருக்கவேண்டும். நகரத்துப் பாடசாலை ஒன்றுக்கு இங்கிலீசு ஆசிரியர் தேவை என்று அறிவித்தல் வந்ததும், இந்த அலைச்சலை ஒழிக்க அதுதான் வழியென்று விண்ணப்பித்தேன். நேர்முகப் பரீட்சைக்கு எட்டு மாதம் இருந்தது.

பழைய கலண்டர் தாளை வெட்டி, துண்டுக்கு ஒரு கடினமான சொல் எழுதினேன். முன்னால் இங்கிலீசு, பின்னால் தமிழ்க் கருத்து, மூலையில் இலக்கம். பாடமாகாதது சட்டையின் இடப்பையில், பாடமானது வலப்பையில். ஒருமுறை துறை கடக்க ஐந்து சொற்கள். சென்ட்ரியில் பைகளைக் கொட்டிக் காட்டும்போது எல்லாம் கலந்துபோகும். படகில் ஏறியதும் எண்ணி அடுக்குவேன். 318ஆம் துண்டு காற்றில் போய்விட்டது. அந்தச் சொல் இன்றும் எனக்குத் தெரியாது.

பின்னேரங்களில் மனைவி சோதிப்பாள். அவளுக்கு இங்கிலீசு தெரியாது. நான் சொல்வது சரியா என்று என் முகத்தைப் பார்த்தே தீர்மானிப்பாள்.

"எதிலயும் குறை காண்கிறவன்," என்று வாசித்தாள்.

"பாஸ்டிடியஸ்."

"உங்களப்பத்தியும் எழுதி வச்சிருக்காங்க. சரி, சோத்தையும் இங்கிலீசுல கேளுங்க. கேட்டாத்தான் போடுவன்."

பசியில் தினமும் கேட்டேன். துண்டில் ஏறாத பேச்சு என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

நேர்முகத்தில் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மா கேட்ட முதல் கேள்வி, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்பது. என்னிடம் 1,125 சொற்கள் இருந்தன. சாப்பாட்டுக்கு உதவ ஒன்றுகூட இல்லை. பிறகு எங்கள் குசினி நினைவுக்கு வந்தது. புட்டு, மீன்குழம்பு, இன்னும் ஒரு அகப்பை போடு, போதும் என்று அங்கே பேசியதையெல்லாம் சொன்னேன். அந்த அம்மா சிரித்துவிட்டு, மீன் கடலிலா வாவியிலா பிடித்தது என்று கேட்டார். பத்து நிமிடம் மீனைப் பற்றியே பேசினோம். வேலை கிடைத்தது.

"அந்த ஆயிரத்துச் சொச்சத்தில எத்தின செலவாச்சு?" என்றாள் மனைவி.

"ஒண்டுமில்ல."

"அப்ப பத்திரமா இரிக்கு."

நகரத்து பஸ்ஸில் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து நிற்கவேண்டும். துண்டெடுக்கக் கையில்லாமல் புதிதாக ஒரு சொல்லும் ஏறவில்லை. அந்த வருடம் வாவிக்கு அந்தப் பக்கம், கொக்கட்டிச்சோலைக் கோயில் திருவிழாவுக்கு இருவரும் படகேறினோம். என் இடப்பை புடைத்திருந்ததை அவள் கண்டுவிட்டாள்.

"எத்தின?"

"பத்து. போக அஞ்சு, வர அஞ்சு."

என் பைக்குள் கையை விட்டு முதல் துண்டை எடுத்துப் பின்பக்கம் திருப்பினாள்.