விடுப்பு விண்ணப்பம் ஒன்று இருந்தது

முனைவர் பட்டம் பெற்ற பின்னும் நல்கையை, அதாவது ஆய்வு உதவித்தொகையைக் கொண்டு ஆய்வைத் தொடர்வோர்க்குப் பணிநெறிகள் வகுக்க, நான் முன்னாளில் சார்ந்திருந்த பல்கலைக்கழகம் அண்மையில் ஒரு குழு அமைத்தது. அக்குழுவின் வரைவறிக்கையைக் கருத்துரை வேண்டி எனக்கும் அனுப்பியிருந்தனர். மகப்பேறு விடுப்பைப் பற்றிய பகுதியின் தொடக்கத்தில் ஒரு வரி: ‘இதற்குமுன் இத்தகைய விடுப்பு எவராலும் கோரப்பட்டதாகக் கோப்புகளில் இல்லை.’

அவ்வரியை இருமுறை படித்தேன். கோரப்பட்டது. கோரியவள் நான். அதனை அறிந்திருந்த என் பேராசிரியர் இன்று இல்லை. விண்ணப்பத்தைக் கையில் வாங்கிய எழுத்தர் எங்குள்ளார் என அறியேன். எஞ்சியவள் நான் ஒருத்தியாதலின் எழுதிவைக்க வேண்டியதாயிற்று. இதனை முறையீடாகக் கொள்ள வேண்டா. எவர்மீதும் எனக்கு இன்று சினம் இல்லை. அன்றும் இருந்ததாக நினைவில்லை.

எழுபதுகளின் பிற்பகுதி. திருவண்ணாமலையில் தேரடித் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். கணவர் நகரில் ஓர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர். கல்வெட்டியலில் முனைவர் பட்டம் முடித்திருந்த எனக்கு மூன்றாண்டு நல்கை கிடைத்திருந்தது. பல்கலைக்கழகம் பேருந்தில் அரைநாள் தொலைவு. எனினும் என் ஆய்வுக்களம் மலைசுற்றும் வழியில், அடி அண்ணாமலையைத் தாண்டி, மணிலா எனப்படும் வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே நின்ற ஒரு சிறு பழங்கோயில். ஆகவே ஊரிலிருந்தே பணியாற்ற இசைவு தந்திருந்தனர்.

நல்கை ஆணை இரண்டு தாள் கொண்டது. முதல் தாளில், ‘இது பணி நியமனம் ஆகாது’ என்றிருந்தது. இரண்டாம் தாளில், ‘ஆய்வு இடைமுறிவின்றி நடைபெறல் வேண்டும், முறியின் நல்கை முடிவுறும்’ என்றிருந்தது. விடுப்பு, மருத்துவ உதவி, சேமநலம் ஆகிய சொற்கள் இரு தாளிலும் இல்லை. அவை இல்லை என்பதைக் கையொப்பமிடும்போது நான் கவனிக்கவில்லை.

களத்தில் பணி செய்த நாள்களை ஒரு நாட்குறிப்பில் எழுதி, அவ்விடத்திற்குப் பொறுப்பானவரிடம் வாரந்தோறும் கையொப்பம் பெற்று, அதன் படியைப் பேராசிரியருக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. எங்கள் கோயிலின் சாவி அவ்வூர்த் தருமகர்த்தாவிடம் இருந்தது. மணிலா பயிரிடும் வேளாண் குடியினர், ஐம்பதைத் தாண்டியவர். முதல்நாள் என்னைப் பார்த்ததும் கேட்டார்:

“டாக்டரம்மான்றாங்களே, ஊசி கீசி போடுவீங்களா?”

“இல்லைங்க. கல்வெட்டு படிக்கிற டாக்டர்.”

“கல்லுக்கு வைத்தியமா? சர்தான். அதுவும் ஒடம்பு சரியில்லாமதான் கெடக்குது.”

கல்வெட்டைப் படியெடுப்பது உடல் வருந்தும் வேலை. சுவரை நீர்விட்டுக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, கெட்டித் தூரிகையால் விடாது அடித்து எழுத்தின் பள்ளத்துள் தாளைப் புகுத்த வேண்டும். ஈரம் சற்றே உலர்ந்ததும் மையை ஒற்ற வேண்டும். கல் கருமையாகவும் எழுத்து வெண்மையாகவும் எழும். பின்னர் அதனைப் பெயர்த்தெழுதுகையில், சிதைந்த எழுத்துக்குப் புள்ளியிட்டு விடுவோம். அங்கு என்ன எழுத்து இருந்திருக்கும் என்று நன்றாகத் தெரிந்தாலும், கல்லில் காணாததைக் கண்டதாக எழுதலாகாது. ஒருமுறை ஒரு மாணவர் அவ்வாறு எழுதிக் கொணர்ந்தபோது, பேராசிரியர் அத்தாளை நான்காகக் கிழித்தார்.

ஒன்றரை ஆண்டில் தெற்குச் சுவரை முடித்தேன். மேற்குச் சுவரில் நீண்ட கல்வெட்டு ஒன்று. கோயிற் பணியாளர் இன்னார்க்கு இன்ன உரிமை என்று அடுக்கிச் செல்வது. அதன் பாதியில் இருந்தபோது நான் கருவுற்றிருப்பது தெரிந்தது. அச்சுவரை முடித்துவிட வேண்டும் என்பதே அப்போது எனக்கிருந்த கவலை. நல்கை மூன்றாம் ஆண்டுக்கும் தொடர்ந்தால் முடியும், தொடராவிடின் முடியாது.

எட்டாம் மாதத்தில், இனி வர இயலாது என்று தருமகர்த்தாவிடம் சொன்னேன். அவர் விரல்விட்டு எண்ணினார்.

“கொழந்த பொறந்தா தீட்டு. நாப்பது நாளு எப்டியும் உள்ள வரமாட்டீங்க. அப்புறமும் பச்ச ஒடம்பு. மூணு மாசம் வெச்சுக்குவோமா?”

“எதுக்குங்க?”

“அந்த நோட்டக் குடுங்கம்மா. மூணு மாசத்துக்கும் சேத்து இப்பவே கையெழுத்து போட்டுடறேன். போன தடவ வந்தாரே ஒரு சாரு, மஞ்சக்காமாலைன்னு ஊருக்குப் போயிட்டாரு. அவருக்கு ஆறு மாசம் போட்டேன். எவன் வந்து பாக்கறான்?”

“தீட்டோட நான் கோயிலுக்குள்ள இருந்தேன்னு ஆயிடுமேங்க.”

“காயிதத்துல இருந்தா தீட்டு ஒட்டாதும்மா. கோயில்ல இருந்தாதான் ஒட்டும்.”

நாட்குறிப்பைப் பையில் வைத்துக்கொண்டேன். தீட்டில் எனக்கு ஆழ்ந்த நம்பிக்கை இருந்ததென்று சொல்வதற்கில்லை, மறுப்பும் இருந்ததில்லை. ஆனால் இல்லாத நாளில் இருந்ததாக எழுத என் கை வரவில்லை. பழக்கம் என்பதன்றி அதற்கு வேறு பெயர் இடத் தெரியவில்லை.

கணவரின் பள்ளியில் ஆசிரியைகளுக்கு மகப்பேறு விடுப்பு உண்டு. அவர்கள் எழுதும் விண்ணப்பத்தின் படிவம் ஒன்றை அங்கிருந்து வாங்கிவரச் செய்தேன். ‘ஆசிரியை’ என்ற இடத்தில் ‘ஆய்வாளர்’ என எழுதினேன். ‘பள்ளி’ என்ற இடத்தில் ‘பல்கலைக்கழகம்’. மற்றவை அவ்வாறே. மருத்துவச் சான்றையும் இணைத்துப் பதிவஞ்சலில் அனுப்பிவிட்டு, பேற்றுக்காகக் கீழ்பென்னாத்தூருக்கு, என் தாய்வீட்டுக்குச் சென்றேன். பெண் பிறந்தது. நாட்குறிப்பில் அந்நாள்களுக்கு எதிரே வரிசையாகப் புள்ளிகள் இட்டேன்.

விடை, திருவண்ணாமலை முகவரிக்குச் சென்று திரும்பி, குழந்தை பிறந்த ஐம்பதாம் நாளளவில் கீழ்பென்னாத்தூருக்கு வந்தது. விடுப்பு என்பது பணியாளர்க்கே உரியது. தாங்கள் பணியாளர் அல்லர். ஆதலின் விண்ணப்பம் ஏற்பதற்கில்லை. மேலும், ஆய்வுக்கு வாராமையைத் தாங்களே எழுத்தால் ஒப்பியிருப்பதால், ஆய்வு இடைமுறிந்ததாகக் கொள்ளப்பட்டு நல்கை முடிவுறுகிறது. இதுவே பொருள். சொற்கள் சற்று மாறியிருக்கலாம்.

மறுநாட் காலை குழந்தையை அம்மாவிடம் விட்டுப் பேருந்து ஏறினேன். உரிய பிரிவின் எழுத்தர் நல்ல மனிதர். நாற்காலி இழுத்துப் போட்டார். என் கோப்பை எடுத்து விரித்து, விண்ணப்பத்தின்மேல் விரலை வைத்தார்.

“இந்த லெட்டர யாரும்மா எழுதச் சொன்னது?”

“யாரும் சொல்லல. நானாத்தான் எழுதினேன்.”

“அதான் தப்பு. லீவ் கேட்டா லீவ் ரூல்ஸ் பாக்கணும். உங்களுக்கு ரூல்ஸே கெடையாது, ஏன்னா நீங்க ஸ்டாஃப் இல்ல. சரி, ஒண்ணும் பண்ணாம விட்டுடலாம்னு பாத்தா, வரமாட்டேன்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்க. வரலன்னா பிரேக். நான் என்னம்மா பண்றது?”

“ஸ்டாஃபே இல்லாதவங்க எப்படிங்க வராம இருக்க முடியும்?”

அவர் உண்மையாகவே சிந்தித்தார். அடுத்த மேசைக்காரரை அழைத்தார். “சார், இங்க பாருங்க. அம்மா நல்ல கேள்வி கேக்கறாங்க.”

அடுத்த மேசைக்காரர் சிற்றுண்டிப் பெட்டியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. “கேள்வி நல்லாத்தான் இருக்குது. ஆர்டர் போயாச்சே.”

எழுத்தர் கோப்பைக் கட்டினார். “என்ன கொழந்தம்மா?”

“பொண்ணு.”

“நல்லா இருக்கட்டும்” என்றார். மனமாரத்தான் சொன்னார்.

பேராசிரியரின் அறைக்குச் சென்றேன். அவர் ஆணையின் படியை முன்பே பார்த்திருந்தார்.

“எழுதுறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாம்மா? உங்க நாட்குறிப்பை நானா எடுத்துப் பார்க்கப் போறேன்?”

நான்காகக் கிழிந்த தாள் நினைவுக்கு வந்தது. அவர் மேசைக் கண்ணாடியின்கீழ் ஒரு பழைய நாள்காட்டித் தாள் இருந்தது. அதன் கிழமைகளைப் படித்துக்கொண்டிருந்தேன்.

“அடுத்த ஆண்டு மறுபடியும் விண்ணப்பம் போடுங்க. நான் பரிந்துரை எழுதறேன்.”

“வயசு வரம்பு தாண்டிடும் ஐயா.”

“அப்படியா” என்றார். ஆணையை எடுத்து என் பிறந்த நாளைப் பார்த்தார். “அப்படியா” என்று மறுமுறையும் சொன்னார்.

திரும்பும் பேருந்தில் பால் கட்டி மார்பு வலித்தது. பிறகு ரவிக்கை நனைந்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. செஞ்சி எப்போது வந்தது, எப்போது கடந்தது என அறியேன். நடத்துநர் தோளருகே வந்து குரல் கொடுத்தார்: “கீழ்பென்னாத்தூருன்னு டிக்கெட் எடுத்தீங்களே, எறங்குங்கம்மா! எந்த ஊரு நெனப்புல குந்தினு இருக்கீங்க?” இறங்கினேன். வீட்டில் குழந்தை பசித்துக் கிடந்தாள். எடுத்துப் பால் கொடுத்தேன்.

ஞாயிறன்று வந்த கணவர் ஆணையைப் படித்துவிட்டு, “நாங்க லெட்டர் குடுத்தா லீவ் வருது. நீ குடுத்தா வேலையே போவுது” என்றார்.

“அது வேலையே இல்லையாம்” என்றேன்.

அவர் சிரித்தார். நானும் சிரித்ததாக நினைவு.

படிச்சுருள்கள் பல்கலைக்கழகத்தின் உடைமை. நான் எடுத்தவற்றையெல்லாம் எண்ணிட்டு, துணியில் சுற்றி, அடுத்த திங்களில் ஒப்படைத்தேன். மேற்குச் சுவரின் கடைசிச் சுருள் ஒரு வரியின் நடுவே நின்றது. கோயிற் பணியாளரின் உரிமைகளைச் சொல்லும் அக்கல்வெட்டில், அவ்வரிக்கு அப்பால் என்ன உள்ளது என இன்றுவரை அறியேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் ஆனேன். சேரும்போது நிரப்பிய படிவத்தில் ‘முன் பணி’ என்றொரு கட்டம். ‘இல்லை’ என்று எழுதினேன். அதுதான் விதிப்படி சரி. இரண்டாம் மகப்பேற்றின்போது அதே விண்ணப்பப் படிவத்தை எடுத்து, ஏறக்குறைய அதே சொற்களை எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் ஒரே வரியில் விடுப்பு வந்தது. அத்தாளை நெடுநேரம் பார்த்திருந்தேன். மகிழ்ச்சி என்று சொல்லத்தக்கது எதுவும் தோன்றவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த வகுப்புக்குச் சென்றேன்.

சில ஆண்டுகள் கழித்து அக்கோயிலின் கல்வெட்டுகள் ஒரு தொகுதியாக அச்சேறின. தெற்குச் சுவர் முழுதும் இருந்தது. மேற்குச் சுவரின் பாதியில், ‘எஞ்சிய பகுதி படியெடுக்கப்படவில்லை’ என்ற குறிப்பு. ஏன் என்பது இல்லை. தொகுதியைப் பார்த்த கிழமையிலேயே அடி அண்ணாமலைக்குச் சென்றேன். தருமகர்த்தா முதுமையடைந்திருந்தார், என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“டாக்டரம்மாவா? உங்க செவுரு அப்டியேதான் கெடக்குது. அதுக்கப்புறம் ஒருத்தரும் வர்ல.” சாவியை எடுத்துத் தந்தார். “அன்னிக்கு நோட்டக் குடுத்திருந்தா முடிச்சிருப்பீங்க இல்ல?”

“முடிச்சிருப்பேங்க.”

“எனக்கு ஒரு கையெழுத்து ஜாஸ்தி. அவ்ளோதான்.”

சுவருக்கு முன் நின்றேன். நான் விட்ட வரியை எளிதில் கண்டேன். அதற்கு அப்பால் சுண்ணம் படிந்து, கண்ணால் படிக்கத்தக்கதாய் ஒன்றும் இல்லை. நீரும் தாளும் தூரிகையும் இருந்தால் எழும். என்னிடம் அவை இல்லை. எவர் பெயரால் அங்கு வந்தேன் என்று கேட்டிருந்தால் சொல்வதற்கு விடையும் இல்லை. சிறிது நேரத்திற்குப் பின் சாவியைத் திருப்பித் தந்தேன்.

குழுவின் வரைவில் இனி விடுப்பு உண்டென்று எழுதியுள்ளனர். நன்று. ‘எவராலும் கோரப்பட்டதாகக் கோப்புகளில் இல்லை’ என்ற வரியை மட்டும் நீக்குமாறு எழுதியனுப்பினேன். சான்று கேட்டிருக்கின்றனர். பதிவஞ்சலின் ஒப்புகைச் சீட்டு என்னிடம் இருந்தது. வீடு மாறியதில் தொலைந்தது. ஆகவே நினைவைக் கொண்டே இதனை எழுதியுள்ளேன். ஆணையின் சொற்களிலும், நாள்களின் எண்ணிக்கையிலும், யார் எதனைச் சொன்னார் என்பதிலும் பிழை இருக்கக்கூடும். அந்நாளில் அப்பிரிவில் பணியாற்றியோரோ, நல்கையில் இருந்தோரோ இதனைப் படிக்க நேரின் திருத்தியுதவ வேண்டுகிறேன். என் விண்ணப்பம் எங்கேனும் ஒரு கோப்பில் கிடைக்குமாயின், அதில் உள்ளதையே மெய்யெனக் கொண்டு இங்குள்ளதை மாற்றுக. கிடைக்காவிடின் அவ்வரி இருக்குமிடத்தில் புள்ளியிட்டு விடுக. ‘இல்லை’ என்று எழுத வேண்டா.