பட்டணத்தில் பிடித்த ஜாகை

ஐரோப்பாவில் சண்டை மூளுவதற்கு முந்தின வருஷம், தை மாதம். அப்போது நான் பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். என் வீட்டுக்காரர் பையன்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சாயங்காலம் மணி அடித்தால் போதும், சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் கால்பந்து ஆடப் போய்விடுவார். வாத்தியார், கோர்ட்டு குமாஸ்தா, தபால்காரர் என்று பதினொரு பேர் சேர்ந்த ஒரு கோஷ்டி. அதற்கு அவர்தான் காப்டன், கோல் கீப்பரும் அவர்தான். அந்தக் கோஷ்டியை மதராஸுக்குக் கூட்டிப் போய் நான் பட்ட பாடு இருக்கிறதே, அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு முதலில் வெட்கமும் பிறகு சிரிப்பும் வரும்.

அதற்கு முந்தின வருஷமும் அவர்கள் ஒரு பந்தயம் ஆட மதராஸுக்குப் போயிருந்தார்கள். தங்குவதற்கு யாரும் ஒழுங்காக ஏற்பாடு செய்யவில்லை. நாலு பேர் மிஷன் வீட்டில், மூன்று பேர் சத்திரத்தில், குமாஸ்தா புரசைவாக்கத்துச் சித்தப்பா வீட்டில் என்று ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டார்கள். தபால்காரர் எங்கே தங்கினார் என்பது கர்த்தருக்குத்தான் வெளிச்சம். ஆட்டம் ஆரம்பிக்கும்போது மைதானத்தில் எங்கள் ஆட்கள் எட்டே பேர். ஆறு கோல் வாங்கிக்கொண்டு, கோல் ஒன்றும் போடாமல் ஊர் வந்து சேர்ந்தார்கள். ஒரு மாதம் என் வீட்டுக்காரர் குழம்பில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூட வாய் திறக்கவில்லை.

இந்த வருஷம் மறுபடியும் அழைப்பு வந்தது. இந்தத் தடவையும் கேவலப்பட்டால் கோஷ்டியையே கலைத்துவிடுவது என்று பேசி முடித்திருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. காப்பி கொடுக்கப் போன இடத்தில் வாயைக் கொடுத்துவிட்டேன்.

“ஜாகை, வண்டி, சாப்பாடு மூணையும் நான் பார்த்துக்கிடுதேன். பதினொரு பேரும் ஒரே கூரைக்குக் கீழே படுத்து, ஒரே பானைச் சோறு சாப்பிட்டு, ஒண்ணா மைதானத்துக்குப் போகணும். அவ்வளவுதானே?” என்றேன்.

குமாஸ்தாவுக்கு நாக்கில் எப்போதும் ஊசி இருக்கும். “அப்போ கோலையும் டீச்சரம்மாவே போட்டுருவாங்க வே, நாம வேடிக்கை பார்க்கப் போவோம்” என்றார். ஆனால் ஒரே பானைச் சோறு என்றதும் அவர்தான் முதலில் சம்மதித்தார். இத்தனைக்கும் அவர் சைவர். “கோர்ட்டுல எல்லார் சாட்சியும் கேக்கேன், டீச்சரம்மா கைச்சோறு திங்கமாட்டேனா?” என்றார்.

ஆண்பிள்ளைகள் பந்து விளையாடப் போகிற இடத்துக்கு இவள் எதற்கு என்று தெருவில் பேச்சு கிளம்பாமல் இல்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் பாலம் தாண்டி ஸ்டேஷனுக்குப் போக மூன்று வில்வண்டி. மணியாச்சியில் இறங்கித் தூத்துக்குடியிலிருந்து வருகிற மெயிலில் ஏற வேண்டும். வெள்ளிக்கிழமை பிற்பகல் எழும்பூர், சனிக்கிழமை ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை பிரயாணம் செய்யக்கூடாது என்பது எங்கள் மிஷன் கட்டுப்பாடு. ஆகவே திங்கட்கிழமை வரைக்கும் ஜாகை வேண்டும். மூன்று ராத்திரிக்குப் பன்னிரண்டு பேருக்கு யார் இடம் கொடுப்பார்கள்?

அதுவும் கிடைத்தது. எங்கள் பள்ளிக்கூட போர்டிங்குக்குக் கருப்பட்டி கொண்டுவந்து போடுகிற உடன்குடி வியாபாரி ஒருத்தர் உண்டு. நல்ல மனுஷர், முஸ்லிம். எங்கள் வாயில் பட்டணம் என்றால் மதராஸ்தான். ஒரு நாள் அவரிடம் பேச்சுவாக்கில், “அண்ணாச்சி, பட்டணத்துல தங்குறதுக்கு எடம் ஏதாவது கிடைக்குமா? எங்க ஆட்கள் பந்து விளையாடப் போறாங்க” என்று கேட்டேன்.

“பட்டணத்துலயா? நம்ம பூர்வீக வீடே பூட்டித்தானம்மா கெடக்கு!” என்றார் அவர். “கடலுக்கு ரெண்டு கூப்பிடு தூரம். கப்பல் நிக்கது வாசல்ல இருந்தே தெரியும். பந்து வெளையாட மணலுக்கா பஞ்சம்? சாவி பக்கத்து வீட்டுல இருக்கு. வண்டிய விட்டு எறங்கி எம்பேரச் சொன்னா போதும்.”

கூடவே ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார். பட்டணம், மேலத்தெரு, பள்ளிவாசலுக்குத் தெற்கே மூன்றாவது வீடு, பச்சைக் கதவு. எனக்குத் தலைகால் புரியவில்லை. பட்டணத்தில் கடற்கரைப் பக்கம் ஒரு முழு வீடு! குமாஸ்தா முகத்தில் கரியைப் பூசிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பிரயாணம் நான் சொன்ன சொல் பிசகாமல் நடந்தது. மணியாச்சியில் பன்னிரண்டு பேரும் ஒரே பெட்டியில் ஏறினோம். கட்டுச்சோறு போதும் போதும் என்னும்படி இருந்தது. வழியில் தபால்காரர், “விலாசத்தைக் காட்டுங்க டீச்சரம்மா, பார்த்து வச்சுக்கிடுதேன்” என்று கேட்டார். எனக்கு இருந்த கர்வத்தில், “எல்லாம் எனக்குத் தெரியும், நீங்க பந்தைப் பார்த்துக்கிடுங்க” என்று சொல்லிவிட்டேன். அந்தக் கர்வம்தான் என்னைக் கவிழ்த்தது.

எழும்பூரில் இறங்கி மூன்று ஜட்கா பிடித்தோம். கடற்கரைப் பக்கம் மேலத்தெரு என்றேன். ஜட்காக்காரன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். “இன்னாம்மா, இங்க மேலத்தெருவும் கெடையாது, கீழத்தெருவும் கெடையாது” என்றான். எங்கள் பக்கத்தில் மேலத்தெரு இல்லாத ஊரே கிடையாது. இவ்வளவு பெரிய பட்டணத்தில் ஒன்று இல்லாமலா போகும் என்று அவனையே அதட்டினேன். திருவல்லிக்கேணி, அங்கிருந்து துறைமுகப் பக்கம், அப்புறம் மண்ணடி. பள்ளிவாசல் கண்ட இடமெல்லாம் வண்டியை நிறுத்தித் தெற்கே மூன்றாவது வீட்டைப் பார்த்தேன். ஒரு இடத்தில் அது சாராயக் கடையாக இருந்தது. பின்னால் வந்த ஜட்காவில் குமாஸ்தா சிரிப்பது என் காதில் விழுந்தது. நான் முந்தானைக்குள் சீட்டைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு, இதோ அடுத்த தெரு, இதோ அடுத்த தெரு என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். வெயில் இறங்கிவிட்டது. குதிரைகள் நுரை தள்ளின.

மண்ணடியில் ஒரு முக்கில் ஜட்காக்காரன் இனிமேல் வரமாட்டேன் என்று எங்களை இறக்கிவிட்டான். பதினொரு பேரும் மூட்டையும் முடிச்சுமாகத் தெருவில் நின்றார்கள். என் வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து, “அந்தச் சீட்டைக் கொடு” என்று மட்டும் சொன்னார். கொடுத்தேன். அவர் அதைத் தபால்காரரிடம் நீட்டினார்.

தபால்காரர் ஒரு பார்வைதான் பார்த்தார். “டீச்சரம்மா, இதைக் கொடுத்தவர் எந்த ஊரு?”

“உடன்குடி.”

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “உடன்குடிக்காரங்களுக்குப் பட்டணம்னா குலசேகரன்பட்டினம்லா! மதராஸ் இல்ல. இந்த மாதிரி எத்தனை காயிதம் நான் பிரிச்சு அனுப்பியிருக்கேன்!”

என் முகத்தில் ஈயாடவில்லை. கடல், கப்பல், மணல், பள்ளிவாசல் எல்லாம் சரிதான். ஊர்தான் நானூறு மைல் தள்ளி இருந்தது.

குமாஸ்தா விடுவாரா? “கேட்டேளா வே! ஆட்டம் மெட்ராஸ்ல, ஜாகை குலசையில. ராத்திரி நடந்து போய்ப் படுத்துட்டு விடியக்காலம் ஓடி வந்துரலாம், காலுக்கு நல்ல பயிற்சி!” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் ஆளாளுக்கு ஒரு இடம் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருத்தர் மிஷன் வீடு இருக்கவே இருக்கிறது என்றார். ஒருத்தர் சத்திரம் என்றார். குமாஸ்தா தன் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துவிட்டார், புரசைவாக்கம் போக. போன வருஷம் போலவே சிதறப் போகிறார்கள். நாளைக்கு எத்தனை பேர் வந்து சேர்வார்களோ. என் வீட்டுக்காரர் யாரையும் தடுக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

“ஒரு அரை நாழிகை நில்லுங்க. தப்பு என்னுது. சீட்டைக் காட்டாம மறைச்சதும் நான்தான். நான் போய்க் கேட்டுட்டு வாரேன், அப்புறம் போறவங்க போங்க” என்றேன்.

எதிரே ஒரு மண்டிக்கடை. கருப்பட்டி வாசம் தெரு முழுக்க வந்துகொண்டிருந்தது. இந்த வாசம் எங்கள் சீமைச் சரக்கு அல்லாமல் வேறு எங்கே வரும்? நேரே உள்ளே போனேன். முதலாளி தாடியும் தொப்பியுமாகக் கணக்குப்பிள்ளையைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் சீட்டை அவர் முன்னால் வைத்து, ஆதியோடந்தமாக ஒன்று விடாமல் சொன்னேன்.

அவர் சீட்டைப் படித்தார். வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “ஏ ம்மா! இது எங்க ஊருலா! எங்க தெருவுலா! பச்சக் கதவுக்கு எதுத்த வீடு என் வீடு!” என்றார். அப்புறம் கீழே எழுதியிருந்த பெயரைப் பார்த்ததும் சிரிப்பு சட்டென்று நின்றது.

“இவனா?” என்றார். “இவனும் நானும் பேசி ஏழு வருசம் ஆவுது. ஒரு சரக்கு வெவகாரத்துல முறிஞ்சு போச்சு. அவன் வார தெருவுல நான் போறதில்ல.”

சரி, குடி முழுகிப் போச்சு என்று நான் சீட்டை எடுக்கக் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

“இரும்மா. எங்க ஊர்க்காரன் ஒருத்தன் பட்டணத்துல எடம் தாரேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துருக்கான். அத நம்பி வந்தவங்க தெருவுல நின்னா அவன் பேரு மட்டுமா கெடும்? எங்க ஊர்ப் பேருலா கெடும்! எந்தப் பட்டணமா இருந்தா என்ன? எடம் தாரேன்னு சொன்னா எடம் உண்டு. எத்தன பேரு?”

“பன்னெண்டு, அண்ணாச்சி.”

“இவ்வளவுதானா? நம்ம கடைக்குப் பின்னாடி இருக்க கிட்டங்கியில அம்பது பேரு படுக்கலாம். கூப்பிடும்மா எல்லாரையும்!”

நான் வாசலுக்கு வந்து கையைக் காட்டினேன். பெட்டியைத் தோளில் வைத்திருந்த குமாஸ்தா அதை இறக்கினார். அப்போது எனக்கு வந்த அழுகையை இன்றைக்கும் ஒளிக்க மாட்டேன், தெருவில் நின்று அழுதேன்.

கிட்டங்கி என்றால் சரக்கு அடுக்குகிற பெரிய கட்டிடம். ஓலைக் கொட்டான்களில் கருப்பட்டி கூரை வரைக்கும் அடுக்கியிருந்தது. நடுவில் பாய் விரித்துக் கொடுத்தார்கள். எனக்கு மாடியில் அவர் வீட்டுப் பெண்களோடு இடம். சைவர் ஒருத்தர் இருக்கிறார் என்று தயங்கிச் சொன்னேன். அதற்கென்ன என்று புதுப்பானை, புது அகப்பை வாங்கி வரச் சொல்லி, புழக்கடையில் தனி அடுப்பும் மூட்டிக் கொடுத்தார்கள். நான் சோறும் சொதியும் வைத்தேன். பதினொரு பேரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். காலையில் பார்த்தால் எல்லார் கையிலும் காலிலும் எறும்புக்கடி. குமாஸ்தாவின் இடது காது அப்பம் போல வீங்கியிருந்தது. “இவ்வளவு தித்திப்பான ஜாகை எனக்கு ஆயுசுக்கும் கிடைக்காது டீச்சரம்மா” என்று கும்பிடு போட்டார். காலை முழுக்க முற்றத்தில் பந்தைத் தட்டிக்கொண்டு, யார் எங்கே நிற்பது, யாருக்கு யார் கொடுப்பது என்று பேசிக்கொண்டே இருந்தார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் மைதானத்துக்குப் பதினொரு பேரும் ஒன்றாக நடந்து போனார்கள். நான் குடை பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன். எதிர்க்கோஷ்டிக்காரர்கள் எல்லாரும் பூட்ஸ் போட்டிருந்தார்கள், எங்கள் ஆட்கள் வெறுங்கால். பாதி ஆட்டம் வரைக்கும் அவர்கள் ஒரு கோல் போட்டு முன்னால் இருந்தார்கள். சுற்றி நின்ற கூட்டம் அத்தனையும் அவர்களுக்குத்தான் கை தட்டியது.

அந்த நேரம் தெற்குப் பக்கத்திலிருந்து ஒரு இரைச்சல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் கிட்டங்கியில் சுமை தூக்குகிறவர்கள் நாற்பது பேர் தலைத்துண்டைச் சுழற்றிக்கொண்டு ஓடி வருகிறார்கள்! முன்னால் அந்த முதலாளி, கையில் செருப்போடு. எல்லாரும் திருச்செந்தூர், காயல், குலசைப் பக்கத்து ஆட்கள்.

“ஏலே, நெல்லைச்சீமைக்காரங்களா! நாங்க இங்கன இருக்கோம்லே!”

“பைய ஏன்லே போற? இழுத்து அடிலே!”

“அந்தா அங்கன ஒருத்தன் சும்மா நிக்கான், அவனுக்குக் குடு வே!”

எங்கள் ஆட்களுக்குக் காலில் யாரோ புதுசாக உயிர் ஊற்றினது போல ஆயிற்று. வீங்கின காதோடு குமாஸ்தா ஒரு கோல் போட்டார். எதிராளி உதைத்த இரண்டு பந்துகளை என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து பிடித்தார். ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது ஓரத்திலிருந்து வந்த பந்தைத் தபால்காரர், விலாசம் பார்த்துப் போட்டது மாதிரி, நேரே வலைக்குள் சேர்த்தார். ஜெயித்துவிட்டோம்! நான் குடையைத் தூக்கி எறிந்ததை அப்புறம்தான் கவனித்தேன். அது காற்றில் போய் ஒரு துரைசாணியின் தொப்பியைத் தட்டிவிட்டு விழுந்தது. சுமைக்காரர்கள் பதினொரு பேரையும் மூட்டை போலத் தோளில் தூக்கிக்கொண்டு மண்ணடி வரைக்கும் நடந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஆராதனை முடிந்து வந்த எங்களுக்கு முதலாளி வீட்டில் நெய்ச்சோறு. குமாஸ்தாவுக்குத் தனியாகப் புதுப்பானைச் சோறும் தயிரும். திங்கட்கிழமை புறப்படும்போது, “உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல அண்ணாச்சி” என்றேன்.

“நீ வந்து கேட்டேல்லா, அதுதான்ம்மா பெருசு. கேக்காம முக்குல நின்னுருந்தா எனக்கு எங்கன தெரியும்?” என்றார் அவர்.

கோஷ்டி கலையவில்லை. அதற்கப்புறம் எந்த ஊருக்குப் போனாலும் ஜாகை பார்க்கிற வேலை எனக்குத்தான். ஒவ்வொரு தடவையும் குமாஸ்தா, “டீச்சரம்மா, எந்தப் பட்டணம்?” என்று கேட்காமல் வண்டியில் ஏறுவதில்லை, நானும் கோபிப்பதில்லை. என் தப்பை மறைத்துக்கொண்டு ஜட்காவில் சுற்றின நேரமெல்லாம் மதராஸில் எங்களுக்கு ஒருவரும் இல்லை; “தப்பு என்னுது” என்று வாய்விட்டுச் சொல்லி அந்த மண்டிக்கடைப் படியேறினேன், அந்தப் பட்டணமே எங்கள் ஊராகிவிட்டது.