காலியாக வந்த நீலக் கிண்ணம்

எங்கள் குன்றின்மேல் குப்பை வண்டி ஏறாது. கீழே பெரிய சாலையில் நின்று மணியடிக்கும். வேண்டியவர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓட வேண்டும். பெரு நாட்டு லிமா நகரத்தின் தெற்கு ஓரத்தில் மணல்மேட்டில் தொற்றிக்கொண்டிருக்கிறவர்களுக்கு, தண்ணீர் லாரிக்கு ஓடுவதும் குப்பை வண்டிக்கு ஓடுவதும்தான் உடற்பயிற்சி. ஓட முடியாதவர்கள் யாரும் பார்க்காத நேரமாகப் பள்ளத்தில் வீசுவார்கள். வீசியது காற்றில் பறந்து அடுத்தவர் வாசலில் வந்து உட்காரும். அப்புறம் அன்றைய பொழுது சண்டையிலேயே போகும்.

நெலிதாவால் ஓட முடியாது. வலது முழங்கால் அவளுக்கு நாற்பது வயதிலேயே பழுதாகிவிட்டது. அதனால் அவள் வீட்டில் குப்பையே சேராதபடி பார்த்துக்கொண்டாள். ரொட்டி வாங்க மாவு மூட்டைத் துணியில் தைத்த பை. எண்ணெய்க்கு வீட்டிலிருந்தே போகும் கண்ணாடிப் புட்டி. பாத்திரம் தேய்க்கக் காய்ந்த பீர்க்கங்கூடு. மேஜை துடைக்க, அவளை விட்டுப்போன புருஷனின் சட்டைகள். அவனால் கிடைத்த ஒரே நன்மை அந்தச் சட்டைகள்தான் என்று அவளே சொல்வாள். சோளமாவு அவித்தால் சோளத்தின் மடலிலேயே கட்டி அவிப்பாள். ஒருமுறை கல்லூரிப் பெண்கள் சிலர் வந்து, "நீங்க பூமியக் காப்பாத்துறீங்கம்மா" என்று புகழ்ந்தார்கள்.

"பூமியாவது வானமாவது. என் முட்டியக் காப்பாத்திக்கிறேன், அவ்வளவுதான்" என்றாள் நெலிதா.

வீட்டு ஜன்னலைத் திறந்து மதியச் சாப்பாடு விற்பதுதான் அவள் பிழைப்பு. திங்கட்கிழமை பருப்பு, மற்ற நாளில் கோழியோ மீனோ, கூட ஒரு சூப்பு. ருசிக்குக் குறைவில்லை. ஆனால் பாத்திரம் கொண்டுவராதவருக்குச் சோறு கிடையாது. அடுக்குக் கேரியரோ, மூடி போட்ட வாளியோ, ஏதாவது ஒன்று கையில் இருக்க வேண்டும். மூன்று சக்கர வண்டி ஓட்டுகிற எதில்பெர்த்தோ ஒருநாள் வெறுங்கையோடு வந்து தலையைச் சொறிந்தான்.

"நெலிதாக்கா, பாத்திரத்த மறந்துட்டேன். ஒரு பிளாஸ்டிக் பையில ஊத்திக் குடுத்துடுங்களேன்."

"தலையை மறக்காம எடுத்துட்டு வந்தியே, அதுவே பெருசு. அந்தத் தொப்பியக் கழட்டு. சூப்ப அதுல ஊத்துறேன்."

வரிசை முழுவதும் சிரித்தது. எதில்பெர்த்தோ ஓடிப்போய்ப் பாத்திரத்தோடு வந்தான். அவள் வாய்க்குப் பயந்தே எங்கள் குன்றில் தெர்மாகோல் பெட்டிகள் குறைந்தன என்றால் மிகையில்லை. துக்க வீட்டுக்குப் போனாலும் ஆளாளுக்குச் சொந்தக் கோப்பையை எடுத்துக்கொண்டு போகிற பழக்கம் இங்கே அவளால் வந்தது.

அவள் வீட்டுக்கு மேலே, படி வளைகிற இடத்தில் சோய்லாவின் வீடு. நெலிதாவின் மகளுக்கு ஞானத்தாய் அவள்தான். மகள் கல்யாணமாகித் தூரத்து அரெகிபா நகரத்துக்குப் போனபிறகு, நெலிதாவுக்கு இந்தக் குன்றில் சொந்தம் என்று இருந்ததும் அவள்தான். சோய்லா வீட்டுக் கொல்லையில் கூய் வளர்த்தாள். முயலுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும். தோல், தழை எதைப் போட்டாலும் கீச்கீச்சென்று தின்னும். திருநாள் வந்தால் அதுவே வறுபடும். நெலிதாவின் சமையலறையில் விழுகிற உருளைத்தோல், கேரட் தழை, சோள மடல் எல்லாம் ஒரு வாளியில் தினமும் மேலே போகும். வாளி திரும்பி வரும்போது அடியில் ஏதாவது இருக்கும்.

ஏதாவது இருந்தே ஆக வேண்டும். அது இங்கே வழக்கம். அடுத்த வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தைக் கழுவி மட்டும் திருப்பிக் கொடுப்பது, முகத்தில் அடித்தாற்போலக் கதவைச் சாத்துவதற்குச் சமம். சோய்லா இரண்டு எலுமிச்சை போடுவாள், ஒரு முட்டை போடுவாள், ஒரு கைப்பிடி புதினா போடுவாள். வீட்டில் ஒன்றுமே இல்லாத ஒரு மாதம், அவள் புருஷன் பசிலியோவுக்குக் கொத்து வேலை கிடைக்காத மாதம், பால்மாவு டப்பாவில் வளர்த்த செடியிலிருந்து சிவப்புப் பூ ஒன்றைப் பறித்துப் போட்டு அனுப்பினாள். நெலிதா அதைத் தலையில் செருகிக்கொண்டே அன்று சோறு விற்றாள்.

இப்படி இருபது வருஷத்துக்கு மேல் ஓடிய உறவு ஒரு குளிர்காலத்தில் அறுந்தது. எல்லாம் ஒரு தெர்மாகோல் பெட்டியில் ஆரம்பித்தது.

ஜூலை மாதம், இங்கே குளிர் உச்சத்தில் இருக்கும் காலம். குன்றைப் பனிமூட்டம் மூடி, உலர்த்திய துணி ஒரு வாரமாகக் காயாத நேரம். மதிய வரிசை ஜன்னலில் நின்றுகொண்டிருந்தது. கீழிருந்து சோய்லா படியேறி வந்தாள். கையில் பிளாஸ்டிக் பை, பைக்குள் வெள்ளை வெளேரென்று தெர்மாகோல் பெட்டி இரண்டு. நெலிதாவுக்கு வாய் சும்மா இருக்குமா?

"பாருங்கடா சீமாட்டிய! என் சமையல் கசந்துபோச்சு அவளுக்கு. டவுன்ல விருந்து வாங்கிட்டு வர்றா. ஏன்டி, அந்தப் பெட்டிய எங்க வீசப்போற? உன் கூய் அதையும் திங்குமா?"

எல்லோரும் சிரித்தார்கள். சோய்லாவும் லேசாகச் சிரித்தாள். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள், பிறகு மெதுவாக மேலே போனாள். மற்ற நாளாக இருந்தால் "உன் சூப்புல உப்பு எங்க, உன் மூஞ்சியிலயா?" என்று திருப்பிக் கொடுத்திருப்பாள். நெலிதா அதைக் கவனித்தாள். ஆனால் கவனித்ததை மனசில் வாங்கவில்லை.

ராத்திரி அவளுக்குச் சுருக்கென்றது. பத்துப் பேர் முன்னால் கேட்டிருக்க வேண்டாம். வருத்தமாக இருக்கிறது என்று வாயால் சொல்கிற பழக்கம் அவளுக்கு இல்லை, சமைத்துத்தான் சொல்வாள். தேசத் திருநாள் அன்று காய்ந்த உருளைக்கிழங்கையும் பன்றிக்கறியையும் வேர்க்கடலையோடு வேகவிட்டு, சோய்லாவுக்கு உயிரான கரபுல்க்ரா வைத்தாள். விருந்தாளிக்கு மட்டும் எடுக்கிற நீல எனாமல் கிண்ணத்தில் வழிய வழிய ஊற்றி, படியில் போன பசிலியோவிடம் கொடுத்தனுப்பினாள்.

மறுநாள் கிண்ணம் ஜன்னல் விளிம்பில் இருந்தது. பளிச்சென்று கழுவி, மூடி போட்டு. நெலிதா மூடியைத் திறந்தாள். உள்ளே ஒன்றுமில்லை. மூடியைத் திருப்பிப் பார்த்தாள். கிண்ணத்தின் அடியைப் பார்த்தாள். ஜன்னலுக்குக் கீழே தரையிலும் பார்த்தாள், எதுவும் விழுந்திருக்குமோ என்று.

"அப்படியா சேதி" என்றாள் வெறும் கிண்ணத்தைப் பார்த்து. "உன் சோறும் வேணாம், நீயும் வேணாம்னு சொல்லிட்டியா? சரிடி. இருந்துக்கோ."

அன்றிலிருந்து தோல் வாளி மேலே போகவில்லை. நெலிதாவே அதைத் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் முழங்கால் விண்விண்ணென்று தெறிக்க, குப்பை வண்டிக்கு இறங்கினாள். பார்த்தவர்கள் "நான் கொண்டுபோறேன் குடுங்கக்கா" என்றால் கொடுக்கவில்லை. வீம்புக்கு வலி தெரியாது என்று நினைத்தாளோ என்னவோ, வலி நன்றாகவே தெரிந்தது.

தண்ணீர் லாரிக்கு நிற்கும்போது பக்கத்து வீட்டுப் பெத்ரோனிலா மெல்லச் சொன்னாள். "சோய்லாவப் பாத்தீங்களா? ரொம்ப இளைச்சுப்போய்ட்டா."

"இந்தப் படிய ஏறி எறங்குனா யானைகூட இளைக்கும்."

"கோவமாக்கா ரெண்டு பேருக்கும்?"

"கோவமெல்லாம் சொந்தத்துக்கிட்டத்தான். எனக்கு என்ன கோவம்?"

ஆகஸ்ட் மாதம் ஒரு திங்கட்கிழமை, பசிலியோ கேரியரோடு வரிசையில் நின்றான். சோய்லா சமைக்கிற வீட்டில் அவன் ஒருநாளும் வெளிச் சோறு வாங்கியதில்லை. நெலிதா கேரியரைக் கையில் வாங்கினாள். ஏன் என்று கேட்க வாயெடுத்தாள். கேட்டால் தான் இறங்கிப்போனதாக ஆகிவிடும். பருப்பை அடுக்கு நிறைய ஊற்றினாள், மேலே ஒரு முட்டையை அவித்து வைத்தாள், பேசாமல் நீட்டினாள்.

அவன் தினமும் வந்தான். அதிகம் பேசாத மனிதன். ஒருநாள் ஜன்னலை விட்டு நகராமல் நின்றான்.

"அக்கா... ஒரு எட்டு மேல வந்து பாருங்களேன்."

"ஏன் தம்பி, அவளுக்குக் காலில்லையா? வழி மறந்துபோச்சா?"

"அவ படுத்திருக்கா."

"படுக்கட்டும். மகராணி கணக்கா படுத்துக்கச் சொல்லு. சோறுதான் நான் ஆக்குறேனே."

பசிலியோ தரையைப் பார்த்தான். வேறு ஏதோ சொல்ல வந்தவன், பின்னால் நின்றவர்களைப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். அன்று மாலை நெலிதா சால்வையைப் போர்த்திக்கொண்டு வாசல்வரை வந்தாள். மேலே அந்த வீட்டில் விளக்கு எரிந்தது. சின்னச் சமாச்சாரமாக இருக்கும், சளியாக இருக்கும், எதற்கு நான் போக வேண்டும், காலிக் கிண்ணம் அனுப்பியது அவள்தானே என்று தனக்குத்தானே வழக்காடினாள். வழக்கில் அவளே ஜெயித்து உள்ளே போய்ப் படுத்தாள்.

அக்டோபர் வந்து, கிறிஸ்து படத்தைத் தூக்கிச் செல்லும் ஊர்வலத்துக்காகப் பெண்கள் ஊதா அங்கி உடுத்தத் தொடங்கிய ஒரு காலையில் பசிலியோ வந்தான். வரிசை இன்னும் சேரவில்லை. அவன் கையில் கேரியர் இல்லை.

"பாத்திரம் எங்க தம்பி?"

"இன்னிக்குச் சோறு வேணாங்கக்கா" என்றான். வந்த வேகத்திலேயே மேலே திரும்பினான்.

நெலிதா அடுப்பை அணைக்கக்கூட மறந்து படியேறினாள். எப்போதும் வழக்காடுகிற முழங்கால் அன்று வழக்காடவில்லை.

சோய்லாவைச் சவப்பெட்டியில் வைத்திருந்தார்கள். வயிற்றில் கட்டி என்றார்கள். குளிர்காலம் பிறக்கும்போதே ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். விடியுமுன்னே போய் மதியம்வரை அங்கே காத்துக்கிடந்துவிட்டு, சமைக்கத் தெம்பில்லாமல் வாசலில் வாங்கி வந்ததுதான் அந்த வெள்ளைப் பெட்டிகள். கொல்லையில் கூய்க் கூண்டு திறந்து கிடந்தது. வைத்தியத்துக்காக எல்லாம் எப்போதோ போய்விட்டன. வந்தவர்கள் எல்லோரும் சொந்தக் கோப்பையோடு வந்திருந்தார்கள். நெலிதாவின் கையில் மட்டும் கோப்பை இல்லை.

காப்பி கொடுத்து முடிந்து கூட்டம் கொஞ்சம் அடங்கியதும் பசிலியோ அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஏன் தம்பி எங்கிட்ட சொல்லல?" என்றாள்.

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாக்கா. பாவம் பாத்து நீங்க வரக் கூடாதாம். நீங்களா வரணுமாம்."

"அப்ப அந்தக் கிண்ணம்? வெறுங்கிண்ணமா அனுப்புனாளே, அது என்னாத்துக்கு?"

பசிலியோ முகத்தைத் துடைத்துக்கொண்டான். "வீட்டுல ஒண்ணுமில்ல. ஒரு எலுமிச்சகூட இல்ல. அந்தச் செவப்புப் பூவ வச்சு அனுப்பலாமேன்னு நாந்தான் சொன்னேன். வேணாம்னுட்டா. 'பூவ வச்சா நான் நல்லா இருக்கேன்னு நெனச்சுக்குவா. காலியா அனுப்பு. ஏன்டி காலியா அனுப்புனேன்னு சண்ட போட ஓடி வருவா பாரு'ன்னா. அன்னிக்குப் பூரா வாசலப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாக்கா. மறுநாளும்தான். உங்க செருப்புச் சத்தம் கேக்குதான்னு என்னையும் பேசவிடல."

நெலிதா அழவில்லை. அழுதிருந்தால் பார்த்தவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு விடியும்வரை அப்படியே நின்றாள். உட்காருங்கக்கா என்று சொன்னவர்களை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருபது வருஷம் தன்னைத் தெரிந்த ஒருத்தி, சாகிற காலத்தில் தன் கோபத்தை நம்பி வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். யாரிடமும் வாயை அடக்காத தான், அந்த ஒரு தடவை மட்டும் அடக்கித் தொலைத்தோமே என்பதுதான் அவளைக் குடைந்தது.

நவம்பர் முதல் தேதி, இறந்தவர்களை நினைக்கிற நாள் என்று குன்றே கல்லறைத் தோட்டத்தில் இருந்தது. அவரவர் சொந்தங்களின் கல்லறையில் பூவும் பீரும் சோறும் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாடகைக்குப் பாடுகிறவர்கள் கித்தாரோடு சுற்றினார்கள். நெலிதா தனியாக வந்தாள். துணிப்பைக்குள் நீலக் கிண்ணம், நிறைய கரபுல்க்ரா. பாட்டுக்காரர்களைக் கையாலேயே விரட்டினாள். சோய்லாவை மூடிய புதுமண்ணின் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, கிண்ணத்தைத் திறந்து வைத்தாள்.

"ஏன்டி" என்று ஆரம்பித்தாள், சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற சத்தத்தில். "இத்தன வருஷப் பழக்கத்துல யாராவது வெறும் பாத்திரத்த அனுப்புவாங்களா? மானம் வேணாம் உனக்கு? ஒரு எலுமிச்ச கெடைக்கலியா? ஒரு எல கெடைக்கலியா? என்ன நெனச்சுக்கிட்டிருக்க உன் மனசுல? வந்துட்டேன்டி. சண்ட போடத்தான் வந்திருக்கேன். பேசு. வாயத் தொறந்து பேசுடி!"

பக்கத்துக் கல்லறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். அவள் பேசிக்கொண்டே இருந்தாள். மூன்று மாதமாகத் திட்டாமல் வைத்திருந்த அத்தனையையும் திட்டி முடித்தபோது குரல் கம்மிப்போயிருந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

வெயில் சாய்ந்ததும் கரபுல்க்ராவைக் கையால் வழித்து மண்ணின்மேல் வைத்தாள். கிண்ணத்தைப் பழைய சட்டைத் துணியால் துடைத்தாள். உள்ளே ஒருமுறை பார்த்துவிட்டு, மூடி போட்டு, காலிக் கிண்ணத்தைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.